பத்து நிமிட இடைவேளையில் ஒரு முழு ஆட்டம்: குட்டி ஷோகிக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி 9-க்கு 9 பலகையில் ஆடப்படுவது. ஆளுக்கு 20 காய்கள். பட்டப் போட்டிகள் சிலவற்றில் ஒரே ஆட்டம் இரண்டு நாள் நடக்கும். சாதாரணமாக ஆடினாலும் நிதானமாக யோசிக்க ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். வேலைக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில் அதைத் தொடங்கினால் பாதியில் விட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டியிருக்கும். பாதியில் விட்ட ஆட்டம் மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த வேலையில் கவனம் நிற்காது.

இதற்கு ஜப்பானியர்களே நல்ல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 36-க்கு 36 பலகையில் ஆளுக்கு 402 காய்கள் வைத்து ஆடும் தைக்கியோகு ஷோகியை உருவாக்கிய அதே நாட்டில்தான் 3-க்கு 4, 5-க்கு 5 என்று உள்ளங்கை அளவுப் பலகைகளும் பிறந்தன. இவற்றைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரிய ஷோகியில் முப்பது நகர்வுகளுக்குப் பிறகு வரும் பரபரப்பு இவற்றில் மூன்றாவது நகர்விலேயே வந்துவிடும். தொடக்கம், மோதல், முடிவு மூன்றும் ஒரே இடைவேளைக்குள் அடங்கிவிடும் என்பதே இவற்றின் பெரிய வசதி.

முதலில் புரிய வேண்டிய ஒரே விதி

சதுரங்கம் தெரிந்தவர்களுக்கு ஷோகியில் புதிதாக இருப்பது முக்கியமாக ஒரு விஷயம்தான். நீங்கள் பிடித்த எதிராளியின் காய் செத்துப்போவதில்லை, உங்கள் கைக்கு வருகிறது. உங்கள் முறை வரும்போது, பலகையில் ஒரு காயை நகர்த்துவதற்குப் பதிலாக, கையில் இருப்பதை ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் உங்கள் காயாக வைக்கலாம். எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்திலேயே வைத்தாலும் சரி.

இதனால்தான் ஷோகிக் காய்களில் கறுப்பு, வெள்ளை என்று நிறப் பிரிவு இல்லை. எல்லாம் ஒரே நிறத்தில், ஒரு பக்கம் கூர்மையாக இருக்கும் ஐங்கோண வில்லைகள். கூர்முனை யாரை நோக்கி இருக்கிறதோ அவருக்கு எதிரான காய் அது. பழகும் வரை, கையிலிருந்து ஒரு காயை வைக்கும்போதெல்லாம் முனை எதிராளியைப் பார்க்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

இந்த விதியின் விளைவு பெரிது. சதுரங்கத்தில் காய்களை வெட்டிக்கொள்ள வெட்டிக்கொள்ளப் பலகை காலியாகும், ஆட்டம் ஆறும். ஷோகியில் வெட்டு நடக்க நடக்க இருவர் கையிலும் ஆயுதம் சேரும், ஆட்டம் சூடேறும். டிராவும் குறைவு. சிறிய பலகையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் கையிலிருந்து எங்கே வைத்தாலும் அது யாரோ ஒருவருடைய ராஜாவுக்கு அருகில்தான் இருக்கும்.

டோபுட்சு ஷோகி: இங்கிருந்து தொடங்குங்கள்

3 கட்ட அகலம், 4 கட்ட நீளம். ஆளுக்கு நான்கு காய்கள். தொழில்முறைப் பெண் ஷோகி வீராங்கனை கிடாவோ மடோகா விதிகளை வகுக்க, புஜிதா மைகோ படங்களை வரைய, 2008-இல் வெளிவந்த ஆட்டம் இது. காய்களில் விலங்குப் படமும், எந்தத் திசையில் நகரலாம் என்று காட்டும் புள்ளிகளும் இருப்பதால் ஜப்பானிய எழுத்து தெரிய வேண்டியதே இல்லை.

செட் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு தாளில் கட்டம் போட்டு, தடித்த அட்டையில் எட்டு வில்லைகளை வெட்டினால் போதும். சதுரமாக வெட்டாமல் ஒரு முனையைக் கூராக்குங்கள், இல்லாவிட்டால் எது யாருடையது என்று குழம்பும்.

நகர்வுகள் இவ்வளவுதான். சிங்கம் எட்டுத் திசையிலும் ஒரு கட்டம். ஒட்டகச்சிவிங்கி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒரு கட்டம். யானை மூலைவாட்டில் ஒரு கட்டம். சதுரங்க யானை நேராகப் போகும் என்பதால் இங்கே கை தவறும், கவனம். கோழிக்குஞ்சு நேர் முன்னே ஒரு கட்டம், பிடிப்பதும் நேராகத்தான். குஞ்சு நகர்ந்து எதிராளியின் கடைசி வரிசையை அடைந்தால் கோழியாகும். அதைத் திருப்பி வையுங்கள். கோழி பின்பக்க மூலைகள் இரண்டைத் தவிர மற்ற ஆறு திசைகளிலும் ஒரு கட்டம் போகும். கோழியைப் பிடித்தால் கைக்கு வருவது மறுபடி குஞ்சுதான். கையிலிருந்து வைக்கும் குஞ்சும் குஞ்சாகத்தான் இறங்கும்.

அடுக்கும் முறை: உங்களுக்கு அருகிலுள்ள வரிசையில் இடமிருந்து யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி. சிங்கத்துக்கு முன்னால் குஞ்சு. எதிராளியும் அவர் பக்கத்திலிருந்து பார்த்து அதேபோல் அடுக்குவார். இரண்டு குஞ்சுகளும் நடுவில் மூக்கோடு மூக்கு உரசியபடி நிற்கும்.

வெல்ல இரண்டு வழிகள். ஒன்று, எதிராளியின் சிங்கத்தைப் பிடிப்பது. மற்றொன்று, உங்கள் சிங்கம் எதிராளியின் கடைசி வரிசைக்குள் பத்திரமாக நுழைவது. இந்த நுழைவை ஜப்பானில் டிரை என்கிறார்கள். நுழைந்த கட்டத்தில் அடுத்த நகர்விலேயே பிடிபடும் நிலை இருந்தால் அது வெற்றியாகாது, சிங்கம்தான் போகும். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா.

இப்போது முதல் சில நகர்வுகளைக் கிட்டத்தில் பார்ப்போம். முதலில் ஆடுபவருக்கு இருப்பது நான்கே நகர்வுகள்: குஞ்சால் குஞ்சைப் பிடிக்கலாம், ஒட்டகச்சிவிங்கியை ஒரு கட்டம் முன்னே தள்ளலாம், அல்லது சிங்கத்தை முன்பக்க மூலைகள் இரண்டில் ஒன்றுக்கு நகர்த்தலாம். யானையால் அசைய முடியாது, அதன் ஒரே வழியைச் சொந்தக் குஞ்சே மறிக்கிறது.

குஞ்சைப் பிடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே அது செக், ஏனென்றால் உங்கள் குஞ்சு இப்போது எதிர்ச் சிங்கத்தின் முகத்துக்கு முன்னால் நிற்கிறது. எதிராளி சிங்கத்தாலோ யானையாலோ அதைப் பிடிப்பார். சிங்கத்தால் பிடித்தால், உங்கள் கையில் இப்போது ஒரு குஞ்சு இருக்கிறதே, அதை முன்னேறி வந்த சிங்கத்தின் முன்னாலேயே வைக்கலாம். மறுபடி செக். உங்கள் சிங்கம் அந்தக் குஞ்சுக்குப் பின்னால் காவல் நிற்பதால் எதிர்ச் சிங்கத்தால் அதைத் தொட முடியாது. பின்வாங்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். யானையால் பிடித்தால் சிங்கம் வீட்டிலேயே இருக்கும், ஆனால் யானை இடம் மாறியதால் ஒரு மூலை திறந்துவிடும். மூன்றே நகர்வுகளில் இவ்வளவு யோசிக்க இருக்கிறது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தனகா தெட்சுரோ 2009-இல் இந்த ஆட்டத்தைக் கணினியால் முழுதாக அலசி முடித்துவிட்டார். தொடக்கத்திலிருந்து எட்டக்கூடிய நிலைகள் மொத்தம் 24,68,03,167. இருவரும் பிசகாமல் ஆடினால், இரு பக்க நகர்வுகளையும் சேர்த்து 78-ஆவது நகர்வில் இரண்டாவதாக ஆடுபவர் வெல்வார். அதாவது மேலே சொன்ன நான்கு முதல் நகர்வுகளுமே கணக்குப்படி தோல்விதான்! இதைக் கேட்டு ஆர்வம் குறைய வேண்டியதில்லை. பிசகாமல் 78 நகர்வுகள் ஆடும் மனிதரை இடைவேளையில் சந்திக்கப் போவதில்லை. இரண்டாவதாக ஆடச் சொன்னால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

புதியவர்கள் அதிகம் தோற்பது டிரை விஷயத்தில். தங்கள் சிங்கத்தைக் காப்பதிலேயே கண்ணாக இருப்பார்கள். எதிர்ச் சிங்கம் ஓரமாக நடந்து மூன்றாவது வரிசைக்கு வந்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள். எதிராளி சிங்கத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும், "அடுத்து உள்ளே நுழைந்தால் என்னால் பிடிக்க முடியுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடைவேளைக்குள் அடக்குவது எப்படி

டோபுட்சு ஆட்டம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனாலும் ஒருவர் கன்னத்தில் கைவைத்து யோசிக்கத் தொடங்கினால் நேரம் கரைந்துவிடும். அதனால் கைபேசியில் ஒரு சதுரங்கக் கடிகாரத்தை வைத்து, ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம் என்று கட்டிவிடுங்கள். இன்னும் நல்லது ஷோகியில் வழங்கும் பியோயோமி முறை. கொடுத்த நேரம் தீர்ந்த பிறகு, ஒவ்வொரு நகர்வையும் குறிப்பிட்ட வினாடிகளுக்குள் ஆட வேண்டும். இடைவேளைக்கு நகர்வுக்குப் பத்து வினாடி சரியாக இருக்கும். நேரம் தீர்ந்ததால் மட்டும் ஆட்டம் அறுந்துபோகாது என்பதால் எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

பிடித்த காய்களை உள்ளங்கையில் மூடி வைக்காதீர்கள். உங்கள் வலப்பக்கம், பலகைக்கு வெளியே, எதிராளிக்குத் தெரியும்படி வையுங்கள். கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க இருவருக்கும் உரிமை உண்டு. ஆட்டம் தொடங்கும்போது "ஒனெகாய்ஷிமாசு" என்று சொல்லித் தலை தாழ்த்துவதும், தோல்வி உறுதியானதும் "மகெமாஷிதா", அதாவது தோற்றேன் என்று தானே சொல்லி முடிப்பதும் வழக்கம். இந்தச் சின்ன மரியாதையை விட்டுவிடாதீர்கள். செக்மேட் வரை இழுக்காமல் ஒப்புக்கொண்டால் இன்னொரு ஆட்டத்துக்கும் நேரம் கிடைக்கும்.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பதை ஷோகியில் கன்சோசென் என்பார்கள். தொழில்முறை வீரர்கள் பட்டத்தை இழந்த வேதனையிலும் எதிராளியோடு உட்கார்ந்து இதைச் செய்வார்கள். நீங்கள் முழு ஆட்டத்தையும் அலச வேண்டாம். கடைசி மூன்று நகர்வுகளைப் பின்னோக்கி வைத்து, "இங்கே வேறு எதை ஆடியிருக்கலாம்?" என்று ஒரு நிமிடம் பேசினால் போதும். அடுத்தடுத்து ஐந்து ஆட்டம் ஆடுவதைவிட இந்த ஒரு நிமிடம் அதிகம் கற்றுத்தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த படி: 5-க்கு 5 மினிஷோகி

டோபுட்சுவில் கையிலிருந்து காய் வைப்பது இயல்பாக வரத் தொடங்கியதும் மினிஷோகிக்குப் போங்கள். ஜப்பானில் இதை கோகோ ஷோகி என்பார்கள். 1970 வாக்கில் ஒசாகாவைச் சேர்ந்த குசுமோட்டோ ஷிகெனோபு வடிவமைத்தது. டோக்கியோவிலுள்ள மின்தொடர்பியல் பல்கலைக்கழகம் இந்த ஆட்டத்துக்கென்றே கணினி நிரல்களுக்கான போட்டிகளை நடத்தியிருக்கிறது. இத்தனை சின்னப் பலகைக்குள் அவ்வளவு ஆழம் இருக்கிறது.

ஆளுக்கு ஆறு காய்கள். உங்கள் வரிசையில் இடமிருந்து ராஜா, தங்கம், வெள்ளி, பிஷப், ரூக். ராஜாவுக்கு முன்னால் ஒரு சிப்பாய். எதிராளியும் அவ்வாறே அடுக்குவதால் ராஜாக்கள் எதிரெதிர் மூலைகளில் இருப்பார்கள்.

ராஜா, பிஷப், ரூக் மூன்றும் சதுரங்கத்தில் உள்ளபடியே: பிஷப் மூலைவாட்டிலும், ரூக் நேராகவும் எவ்வளவு தூரமும் போகும். சிப்பாய் டோபுட்சுவின் குஞ்சு மாதிரி. தங்கம் அப்படியே கோழியின் நகர்வு. வெள்ளி மட்டும் புதிது: நான்கு மூலைகளிலும் நேர் முன்னேயும் ஒரு கட்டம், மொத்தம் ஐந்து திசைகள். பக்கவாட்டிலும் நேர் பின்னேயும் போகாது.

எதிராளியின் கடைசி வரிசைக்குள் நுழையும்போதோ, அங்கிருந்து நகரும்போதோ காயைத் திருப்பி உயர்த்தலாம். சிப்பாயும் வெள்ளியும் தங்கமாக மாறும். ரூக் தன் பழைய நகர்வோடு மூலைவாட்டில் ஒரு கட்டமும், பிஷப் தன் பழைய நகர்வோடு நேர்த்திசையில் ஒரு கட்டமும் சேர்த்துப் பெறும். ராஜாவுக்கும் தங்கத்துக்கும் உயர்வு இல்லை.

சிப்பாய்க்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. உங்கள் உயராத சிப்பாய் ஏற்கெனவே நிற்கும் நெடுவரிசையில் இன்னொரு சிப்பாயைக் கையிலிருந்து வைக்கக் கூடாது. இதற்கு நிஃபு என்று பெயர், வைத்தால் அந்த நொடியே தோல்வி. கையிலிருந்து வைக்கும் சிப்பாயால் நேரடியாகச் செக்மேட் செய்யக் கூடாது. நகரவே வழியில்லாத கடைசி வரிசையில் வைக்கவும் கூடாது.

அடுக்கி முடித்ததும் உங்கள் ரூக்கைப் பாருங்கள். அதற்கு நேரே, இரண்டு காலிக் கட்டங்களுக்கு அப்பால், எதிராளியின் ஒரே சிப்பாய். அதன் பின்னால் ராஜா. முதல் நகர்விலேயே அந்தச் சிப்பாயைப் பிடித்துச் செக் வைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். ராஜா, தங்கம் இரண்டுமே அந்தக் கட்டத்தைக் காக்கின்றன. ஒரு சிப்பாய்க்காக ரூக்கைக் கொடுத்ததாகிவிடும், அந்த ரூக் அடுத்த நகர்விலேயே உங்கள் ராஜாவுக்கு எதிராக எங்கு வேண்டுமானாலும் இறங்கும். காயைக் கொடுப்பது என்றால் எதிராளியின் கையில் அதைக் கொடுப்பது என்றே பொருள். ஷோகியில் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

மினிஷோகியில் வெல்ல முதலில் கற்க வேண்டிய முடிவு அதாமகின், அதாவது தலைக்கு நேரே தங்கம். எதிர் ராஜா கடைசி வரிசையில் நிற்கிறது. அதற்கு இரண்டு கட்டம் முன்னால் உங்கள் சிப்பாயோ வெள்ளியோ இருக்கிறது. இடையிலுள்ள ஒரே கட்டத்தில், கையிலிருக்கும் தங்கத்தை வையுங்கள். தங்கத்துக்குக் காவல் இருப்பதால் ராஜாவால் பிடிக்க முடியாது. ராஜாவின் இரு பக்கக் கட்டங்களையும் தங்கம் முன்மூலைகளால் காக்கிறது. முன்பக்க மூலைகளைப் பக்கவாட்டு நகர்வால் காக்கிறது. தங்கத்தைப் பிடிக்க வேறு காய் அருகில் இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது. பலகையில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் இது கண்ணில் படும். தங்கத்தை முடிப்பதற்காகக் கையில் வைத்திரு என்று ஷோகியில் ஒரு சொலவடையே உண்டு. பொறுமையில்லாமல் தங்கத்தை நடுப்பலகையில் இறக்கிவிட்டு, கடைசியில் கைவசம் சிப்பாய் மட்டும் மிஞ்சித் தவிப்பது புதியவர்களிடம் அடிக்கடி காண்பது.

ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். கடிகாரம் கட்டாயம்.

ஆள் கிடைக்காதபோது

இணையத்தில் லிஷோகி, பைசெஸ் ஆகிய தளங்களில் மினிஷோகியை இலவசமாக ஆடலாம். பைசெஸ்ஸில் டோபுட்சுவும் உண்டு. எதிராளி உடனே கிடைக்காவிட்டால் கணினியோடு ஆடலாம். ஜப்பானிய எழுத்து பழகாதவர்கள் அமைப்புகளில் போய்ப் படக் குறியீடு போட்ட காய்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

எதிராளியே வேண்டாம் என்றால் த்சுமே ஷோகி இருக்கிறது. செக்மேட் புதிர்கள்தான், ஆனால் தாக்குபவரின் ஒவ்வொரு நகர்வும் செக்காக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே நகர்வில் முடியும் புதிர்களில் தொடங்கி, பிறகு மூன்று நகர்வுப் புதிர்களுக்குப் போங்கள். பலகையைத் தொடாமல் மனத்துக்குள்ளேயே தீர்க்கப் பாருங்கள். 3-க்கு 3 கட்டத்தில், புதிர்போல வெவ்வேறு தொடக்க நிலைகளிலிருந்து ஆடும் ஒன்பது கட்ட ஷோகியும் உண்டு. தொழில்முறை வீரர் அவோனோ தெருயிச்சி உருவாக்கியது.

கொஞ்சம் கிறுக்கான இரண்டு

மினிஷோகி அலுத்தால் கியோட்டோ ஷோகி. 1976 வாக்கில் தமியா கத்சுயா உருவாக்கியது, அதே 5-க்கு 5 பலகை. ராஜாவைத் தவிர எந்தக் காயை நகர்த்தினாலும் அதைத் திருப்பி வைக்க வேண்டும், அது வேறு காயாகிவிடும். வெள்ளி பிஷப்பாகும், அடுத்த நகர்வில் பிஷப் வெள்ளியாகும். சிப்பாய் ரூக்காகும். தங்கம், முன்னோக்கி மட்டும் தாவும் குதிரையாகும். தங்கத்தைப் போல நகரும் தோகின் என்ற காய், நேர் முன்னே மட்டும் எவ்வளவு தூரமும் பாயும் ஈட்டிக் காயாகும். கையிலிருந்து எந்த முகத்தையும் மேலாக வைக்கலாம். இந்த நகர்வில் என்ன செய்கிறது என்பதோடு, அடுத்த நகர்வில் என்னவாக இருக்கும் என்றும் பார்க்க வேண்டும். முதல் சில ஆட்டங்களில் தலை சுற்றும். எனக்கு இருப்பதிலேயே பிடித்தது இதுதான். இருந்தாலும் மினிஷோகிக்கு முன் இதைத் தொடாதீர்கள், காய்களின் நகர்வு கைவராமல் இதில் இன்பம் இல்லை.

மைக்ரோ ஷோகி 4-க்கு 5 பலகை. அதில் ஒரு காய் எதிராளியின் காயைப் பிடிக்கும்போது மட்டும் திரும்பும். விரைவாக முடியும், ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

பெரிய பலகைக்குப் போக ஆசை வந்தால்

நேரே 9-க்கு 9 பலகைக்குத் தாவாமல், நடுவே கோரோகோரோ டோபுட்சு ஷோகியை ஆடுங்கள். 5-க்கு 6 பலகை, ஆளுக்கு எட்டுக் காய்கள்: சிங்கம், தங்கம்போல் நகரும் நாய்கள் இரண்டு, வெள்ளிபோல் நகரும் பூனைகள் இரண்டு, குஞ்சுகள் மூன்று. உங்களுக்கு அருகிலுள்ள வரிசையில் நடுவே சிங்கம், அதன் இரு பக்கமும் நாய்கள், ஓரங்களில் பூனைகள். குஞ்சுகள் மூன்றும் ஒரு வரிசை விட்டு முன்னால், நடு மூன்று நெடுவரிசைகளில். எதிராளியின் கடைசி இரண்டு வரிசைகளில் குஞ்சும் பூனையும் உயர்வு பெறும். ரூக், பிஷப் போன்ற நெடுந்தூரக் காய்கள் இல்லாததால் தங்கமும் வெள்ளியும் சேர்ந்து எப்படித் தாக்குகின்றன, எப்படிக் காக்கின்றன என்பது இதில் தெளிவாகப் புரியும்.

அதன் பிறகு முழு ஷோகியில் புதிதாகக் கற்க வேண்டியவை ஈட்டி, முன்னோக்கி மட்டும் தாவும் குதிரை, மூன்று வரிசை ஆழமுள்ள உயர்வுப் பகுதி ஆகியவைதான். ஒரு விடுமுறை நாளின் பிற்பகலை அதற்கென்று ஒதுக்குங்கள், இடைவேளையில் வேண்டாம்.